மேஜைதான் தலைகீழ்

மிலோயேவின் கல்யாணம் மூன்றாவது தடவையாக நிற்கப் போகிறது என்பது திங்கட்கிழமை காலையிலேயே முடிவாகிவிட்டது. அது தெரியாமல் மிலோயே எல்லோருக்கும் பீட்டா பரிமாறிக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. யாருக்கு நல்ல காரியம் நடக்கிறதோ அவர்தான் ஆபீசுக்குத் தீனி கொண்டுவர வேண்டும். மிலோயே எங்கள் டொன்யா பிஸ்ட்ரிட்சா நகராட்சியில் திருமணப் பதிவுப் பிரிவு எழுத்தர். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன். நாற்பத்து நாலு வயதில், ஒன்பது வருட நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு, வருகிற சனிக்கிழமை மத்தியானம் எங்கள் மாடி ஹாலிலேயே வெரிட்சாவைக் கட்டப் போகிறான். அதற்காகத்தான் அந்தப் பெரிய தட்டு நிறைய, மாவுக்குள் சீஸ் அடைத்துச் சுட்ட பீட்டா.

தட்டு சூடாக இருந்தது. பதிவாளர் ஸ்பொமென்கா அம்மையார் அதை வாங்கி, வைக்க இடம் தேடி, கடைசியில் மிலோயேவின் கீபோர்டு மேல் வைத்தார். அந்தக் கணமே திரையில் இருந்த படம் தலைகீழாகப் புரண்டது. எழுத்துகள், பெயர்கள், பச்சை வயல் படம், எல்லாம் வௌவால் மாதிரி தொங்கின.

இந்தக் கதையில் தொழில்நுட்பம் என்று இருப்பது இவ்வளவுதான். தட்டு சில பொத்தான்களை அமுக்கியது, படம் கவிழ்ந்தது. மீதி எல்லாம் நிர்வாகம்.

தட்டை யாரும் சந்தேகிக்கவில்லை. பீட்டா அவ்வளவு நன்றாக இருந்தது. நான் பக்கத்துக் கவுண்டரில் நாய் உரிமம் கொடுப்பவன். நானே மூன்று துண்டு சாப்பிட்டேன்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். தலைகீழாகவே விழித்தது. மறுபடி அணைத்தார்கள். மறுபடி விழித்தது, அதே கோலத்தில். அப்போது ஸ்பொமென்கா அம்மையார் மெல்லத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். இரண்டும் திறந்திருந்தன.

"குறுக்குக் காத்து," என்றார்.

அறை உறைந்தது. எங்கள் ஊரில் குறுக்குக் காற்றுக்குப் பயப்படாதவன் கிடையாது. பல்வலி, முதுகுப்பிடிப்பு, மலட்டுத்தனம், தேர்தல் தோல்வி எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். மனுஷனுக்கே கழுத்தைத் திருப்பிவிடும் காற்று, பாவம் ஒரு மானிட்டரை என்ன பண்ணாது? ஜூலை மாதத்து வெயிலில் எல்லா ஜன்னல்களையும் இழுத்துச் சாத்தினோம். இடுக்குகளில் ஒட்டுநாடா ஒட்டினோம். அம்மையார் தன் கம்பளிச் சால்வையை எடுத்து மானிட்டரின் தோளில் போர்த்தி, பின்பக்கம் சூடு பரவ ராக்கியா சாராயம் தேய்க்கலாமா என்று யோசித்தார். நெருப்புப் பிடிக்கும் என்று நான் சொன்னதால் ராக்கியாவை நாங்களே குடித்துவிட்டோம்.

மிலோயே மட்டும் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னான். மானிட்டரையே புரட்டிப் பிடித்தால் படம் நேராகத் தெரியுமே என்றான்.

அப்போதுதான் டைரக்டர் புடிமிர் உள்ளே வந்தார். எங்கள் டைரக்டர் எப்போதும் ஒரு வாக்கியம் முடிகிற சமயத்தில்தான் அறைக்குள் நுழைவார். மிலோயேவை உற்றுப் பார்த்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த சுற்றறிக்கையை விரலால் தொட்டார். அலுவலகக் கருவிகளை ஊழியர் நகர்த்தவோ, திருப்பவோ, சாய்க்கவோ, அவற்றின் அமைப்பை மாற்றவோ கூடாது. அதற்கென்று அதிகாரம் பெற்ற நபர் மட்டுமே செய்யலாம். அதிகாரம் பெற்ற நபரின் பெயர் ஸ்வெதோசார். அவர் ஓய்வு பெற்றுத் தேனீ வளர்க்கப் போய் நாலு வருடம் ஆகிறது. புது ஆள் எடுக்கத் தடை இருப்பதால் அந்த அதிகாரம் காலியாகவே இருக்கிறது.

"அப்ப யாரு சார் திருப்பறது?" என்று மிலோயே கேட்டான்.

"யாரும் இல்ல. அதுதான் ஒழுங்கு," என்றார் டைரக்டர்.

ஊரில் திருமணப் பதிவேட்டோடு இணைந்திருக்கிற கம்ப்யூட்டர் அது ஒன்றுதான். அது வேலை செய்யாமல் பதிவு இல்லை. பதிவுச் சான்று இல்லாமல் பாதிரியார் கோயில் கதவைத் திறக்க மாட்டார். மிலோயேவுக்கு வியர்த்தது. ஜன்னல் சாத்தியிருந்ததால் எங்களுக்கும் வியர்த்தது.

மாவட்டத் தலைமையகத்துக்கு எழுதுவது என்று முடிவாயிற்று. எழுதுவதற்கு முன் திரையின் நிலை என்ன என்று வகைப்படுத்த வேண்டும். "பழுது" என்று போட முடியாது, வேலை செய்கிறது. "காணவில்லை" என்றும் போட முடியாது, எதிரில் இருக்கிறது. "மனநிலை சரியில்லை" என்று நான் சொன்னதை டைரக்டர் ரசிக்கவில்லை. கடைசியில் "திசை மாறியது" என்று எழுதி, ஆதாரத்துக்கு மேஜை, மிலோயே, பூந்தொட்டி சகிதம் ஒரு புகைப்படம் எடுத்து வைத்தோம்.

படத்தை ஒட்டும் பொறுப்பு ஸ்பொமென்கா அம்மையாருடையது. இணைப்பில் உள்ள எழுத்துகள் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. திரையில் இருக்கும் எழுத்துகள் நேராகத் தெரிய வேண்டுமே என்று அம்மையார் மிகுந்த கவனத்தோடு படத்தைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினார். மேலே முத்திரை. கீழே முத்திரை. டைரக்டர் கையெழுத்து.

தலைமையகத்திலிருந்து மறுநாளே பதில் வந்துவிட்டது. அந்த வேகத்தை எங்கள் யாராலும் விளக்க முடியவில்லை.

"அனுப்பிய புகைப்படத்தைப் பரிசீலித்தோம். திரை நேராகவே இருக்கிறது. ஆனால் மேஜை, பூந்தொட்டி, எழுத்தர் ஆகியவை தலைகீழாக உள்ளன. இவற்றை உடனே சரிபார்த்துத் தெரிவிக்கவும்."

வேறு எந்த ஆபீசாக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். டைரக்டர் புடிமிர் தச்சனை வரவழைத்தார். தச்சன் ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேஜை நேராக இருப்பதாகவும், தரைதான் கொஞ்சம் சரிவு என்றும் எழுதிக் கொடுத்தான். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினோம், ஒழுகவில்லை. மிலோயேவை ஆபீஸ் டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் அவனை நடுவில் நிற்க வைத்து, கையில் ஒரு பேனாவைக் கொடுத்து, விடச் சொன்னார். பேனா தரைக்குப் போயிற்று. "ஊழியர் நேராக இருக்கிறார், தலை மேற்பகுதியில் உள்ளது" என்று சான்றிதழ்.

"இவ்வளவு நாளா எனக்கு இதுக்கு ஆதாரமே இல்லாம இருந்துச்சு," என்றான் மிலோயே. அவன் கேலி பண்ணவில்லை. நல்ல எழுத்தர்கள் அப்படித்தான்.

சான்றிதழ்களைப் பார்த்த தலைமையகம் விஷயம் சிக்கலானது என்று ஒப்புக்கொண்டது. மேஜையும் நேர், ஆளும் நேர், திரையும் நேர் என்றால் எது கோணல்? இதற்கு ஆய்வுக் குழு வேண்டும். குழு அமைக்கப்படும். செப்டம்பரில்.

அதுவரை பொதுமக்கள் சேவை நிற்கக் கூடாது என்று டைரக்டர் ஆணையிட்டார். கருவியைத் திருப்பக் கூடாதே தவிர, ஊழியரைத் திருப்பக் கூடாது என்று சுற்றறிக்கையில் எங்கும் இல்லை. எனவே புதன்கிழமையிலிருந்து மிலோயே எதிர் மேஜை மேல் மல்லாந்து படுத்து, தலையை விளிம்பில் தொங்கவிட்டு வேலை பார்த்தான். ஒரு கிழவி பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்து, கவுண்டர் வழியாக எட்டிப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு மெழுகுவர்த்தியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெரிட்சா வந்தது அப்போதுதான்.

வெரிட்சாவுக்கு எதிர்ச் சாரியில் மருந்துக்கடையில் வேலை. வெள்ளை அங்கியோடு அப்படியே வந்திருந்தாள். கவுண்டர் முன் நின்று, தொங்கிக்கொண்டிருந்த வருங்காலக் கணவனின் சிவந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. வெரிட்சா குரலை உயர்த்தாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

"முதல் தடவை ஹாலுக்குப் பெயின்ட் அடிக்கறாங்கன்னே. சரின்னேன். ரெண்டாவது தடவை குறுக்குக் காத்து பட்டு உனக்குக் கழுத்து திரும்பல. அதுக்கும் சரின்னேன். இப்ப என்ன?"

"படம் தலைகீழா இருக்கு, வெரிட்சா."

"நீயும்தான் தலைகீழா இருக்கே. பொட்டியத் திருப்பி வையேன்."

"சுற்றறிக்கை இருக்கே."

அவள் தலையாட்டினாள். "ஞாயித்துக்கிழமை காலையில வெளிநாட்டுக்கு, கிராட்ஸுக்கு ஒரு பஸ் போகுது. அக்கா ரெண்டு வருஷமா கூப்பிடறா, அங்க மருந்துக்கடையில ஆள் வேணுமாம். சனிக்கிழமை மத்தியானம் நான் உன் பொண்டாட்டி. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை அந்த பஸ்ல ஜன்னல் சீட்டு. நாலாவது தேதி கிடையாது, மிலோயே."

போகும்போது மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டுப் போனாள். ஊரில் பாதிப் பேர், மாப்பிள்ளையே பயந்துபோய்த் திரையைக் கவிழ்த்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். அவளும் அதைக் கேட்டிருப்பாள்.

அன்று மாலை மிலோயே தன் கூம் ஷிகாவைப் பார்க்கப் போனான், துணைக்கு நானும் போனேன். கூம் என்றால் எங்களுக்குக் கல்யாணச் சாட்சி, உயிர் உள்ளவரை உறவு. ஷிகா தொழிலில் கசாப்புக்காரன். எலும்பு வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். மிலோயே தலைமையகத்துக்கு இரண்டாவது மனு எழுதப் போவதாகச் சொன்னான்.

"மனு எழுதாதடா கூமே," என்றான் ஷிகா. "கல்யாணப் பத்திரிகை அனுப்பு. கீழ, ஆட்டுக்குட்டி முழுசாச் சுடறோம்னு கொட்டை எழுத்துல போடு. அவனுங்க செப்டம்பர் எப்ப வருதுன்னு பாரு."

மிலோயே அனுப்பினான். பதில் இல்லை.

சனிக்கிழமை வந்தது. ஜன்னல்கள் ஒட்டுநாடாவோடு சாத்தியிருந்த ஹாலில் இரு வீட்டாரும் வெந்துகொண்டிருந்தார்கள். வாசலில் டிரம்பெட் கோஷ்டி காத்திருந்தது. திருமணப் பதிவு முடிந்ததும் உள்ளே இருந்து சத்தம் வரும், அப்போது ஊதுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே யார் தும்மினாலும் அவர்கள் ஊதினார்கள். மிலோயேவின் கம்ப்யூட்டரை மேஜையோடு சேர்த்து ஆறு பேர் ஹாலுக்குத் தூக்கிவந்திருந்தோம். மேஜையை நகர்த்தத் தடை இல்லை. கருவிதான் நகரக் கூடாது. அது மேஜை மேல் அசையாமல்தான் வந்தது.

ஸ்பொமென்கா அம்மையார் பதிவாளருக்கான மூவர்ணப் பட்டையை மார்பில் குறுக்காகப் போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் நின்றார். பதிவாளர் நிமிர்ந்து நின்று, திரையில் உள்ள பதிவைத் தன் கண்ணால் படித்து, மணமக்களைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அம்மையார் நிமிர்ந்து நின்றார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"என்னால முடியாது. நான் அரசாங்கப் பதிவாளர், சர்க்கஸ்காரி இல்ல," என்றார். "குனிஞ்சு படிச்சா கல்யாணம் செல்லாது."

 வெரிட்சா பூங்கொத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள்.

அப்போது டைரக்டர் புடிமிர் முன்னால் வந்தார். பேச்சு தயாராக வைத்திருந்தார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"அன்பான மணமக்களே, விருந்தாளிகளே. யாரும் கவலைப்பட வேண்டாம். கல்யாணம் எங்கயும் ஓடிப் போயிடாது, ஒன்பது வருஷமா ஓடல. நான் இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இந்த ஆபீஸ்ல இதுவரைக்கும் ஒரு தப்பு நடந்ததில்ல. ஏன்னா நாங்க எதையுமே நடக்க விட்டதில்ல. அவசரப்படறவன் தப்புப் பண்றான், காத்திருக்கிறவன் குடிமகனா ஆகறான். வெளிய நடைபாதையில அத்தனை நாற்காலி எதுக்குப் போட்டிருக்கோம்? உங்களுக்காகத்தான். செப்டம்பர்ல குழு வரும், அக்டோபர்ல அறிக்கை வரும், நவம்பர்ல நானே நேர்ல வந்து வாழ்த்தறேன்."

நாலைந்து பேர் கைதட்டினார்கள், பழக்கம். வெளியே டிரம்பெட் முழங்கியது.

அது அடங்கியதும் வெரிட்சா தலையிலிருந்து முக்காட்டுத் துணியைக் கழற்றினாள். மடித்தாள். பூங்கொத்தை ஷிகாவிடம் கொடுத்தாள்.

"நாளைக்கு பஸ் எத்தனை மணிக்குன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள்.

பதிலுக்கு நிற்கவில்லை. அவள் திரும்பி நடந்தாள். ஹால் நீளமானது, அவள் நடை வேகமானது. கதவுக்குப் பாதி தூரம் போயிருப்பாள்.

மிலோயே மேஜையைப் பார்த்தான். சுற்றறிக்கை கீழ்த்தளத்துச் சுவரில் இருந்தது, ஆனால் அவன் அதைக் கண்ணெதிரே படிப்பது போல உதடுகள் அசைந்தன. பிறகு இரண்டு கையாலும் மானிட்டரைப் பிடித்தான். தூக்கினான். புரட்டினான்.

மானிட்டரின் பாதம் மேலே போயிற்று, படம் நேரே வந்தது.

டைரக்டரின் தொண்டையிலிருந்து கோழியைப் பிடிக்கும்போது வருகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கவிழ்த்த மானிட்டருக்கு நிற்க இடம் கிடையாது. எனவே மிலோயே அதை நெஞ்சோடு அணைத்து, திரையை அம்மையார் பக்கம் காட்டியபடி நின்றான். பாதம் அவன் தாடையில் முட்டியது. மனுஷன் நெஞ்சில் கல்யாணப் பதிவேட்டை மாட்டிக்கொண்டது போல இருந்தது.

"படிங்க, அம்மா," என்றான்.

அம்மையார் நிமிர்ந்துதான் நின்றார். எழுத்தும் நேராகத்தான் இருந்தது. சட்டத்தில் எங்கும் ஓட்டை இல்லை. படிக்க ஆரம்பித்தார். கதவருகே காலடிச் சத்தம் நின்றது, திரும்பி வந்தது. மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் திரையில் இருந்ததால், ஷிகா மோதிரத்தை நீட்ட, வெரிட்சா மானிட்டரின் ஓரத்தைப் பற்றியிருந்த விரல்களில் சரியான விரலைத் தேடிப் பிடித்து மாட்டினாள். மானிட்டரின் கனம் அவன் கையை இழுத்ததில் எங்கள் மாவட்டத்தின் திருமணங்கள் எல்லாம் திரையில் ஆடின.

"மிலோயே, வெரிட்சாவை மனைவியாக ஏற்கச் சம்மதமா?"

"சம்மதம். கொஞ்சம் சீக்கிரம்."

அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. ஆய்வுக் குழு வந்துவிட்டது. செப்டம்பருக்காகக் காத்திருக்கவில்லை. முற்றத்தில் சுழன்றுகொண்டிருந்த ஆட்டுக்குட்டியின் புகை அவர்களுடைய கோட்டுகளிலேயே மணத்தது; எங்கே நின்றுவிட்டு வந்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை. குழுத் தலைவர் டாக்டர் போகோயே, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, கூட்டத்தை விலக்கி மேஜையிடம் வந்தார். கவிழ்ந்த மானிட்டரைப் பார்த்தார். அதை அணைத்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"இதுதானா அந்தக் கேஸ்? சின்ன விஷயம்," என்று சொல்லி, யாரும் தடுப்பதற்குள் கீபோர்டில் மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினார்.

மிலோயேவின் நெஞ்சில் படம் புரண்டு தலைகீழாயிற்று.

அம்மையார் வாயில் இருந்த "வெரிட்சா, மிலோயேவை" அப்படியே நின்றது. டாக்டர் போகோயே கைகளைத் தட்டிக்கொண்டு செயலாளரிடம் அறிக்கை சொல்ல ஆரம்பித்தார்: குழு வந்தபோது படம் நேராகவும், கருவி தலைகீழாகவும், எழுத்தர் உணர்ச்சிவசப்பட்டும் காணப்பட்டனர். குழு தலையிட்டுப் படத்தைக் கருவிக்கு ஏற்றபடி தலைகீழாக்கியது. இப்போது எல்லாம் ஒரே ஒழுங்கில் உள்ளன.

"எங்க ஆபீஸ்ல இதுக்கு முன்னாடி ஒழுங்கு இல்லன்னு சொல்றீங்களா?" என்றார் டைரக்டர்.

"எழுத்தர் எந்த அனுமதியில கருவியப் புரட்டினார்னு முதல்ல சொல்லுங்க," என்றார் தலைவர். "இதுக்குத் தனியா ஒரு குழு போடணும். அது வர்றவரைக்கும் யாரும் எதையும் அசைக்கக் கூடாது. மாப்பிள்ளை உட்பட."

மிலோயே அசையவில்லை. தாடையில் மானிட்டரின் பாதம் பதிந்து சிவந்திருந்தது. வெரிட்சா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவள் கேட்காமல் கேட்பது என்ன என்று. ஒரு தடவை தைரியம் வந்தது சரி. வந்தது தங்குமா?

மிலோயே மானிட்டரை மறுபடி புரட்டினான். மேஜையில் வைத்தான், பாதம் கீழே, திரை மேலே, கடையிலிருந்து வந்த அன்று எப்படி நின்றதோ அப்படி. படமும் நேராக இருந்தது. தன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மிலோயே, நீ எழுத்து மூலமா விளக்கம் தரணும்," என்றார் டைரக்டர். "இப்பவே."

"டைரக்டர் சார், எனக்குக் கல்யாணம் நடந்துக்கிட்டிருக்கு," என்றான் மிலோயே. "உட்காருங்க. நாற்காலி போட்டிருக்கோம்."

டைரக்டர் உட்கார்ந்தார். இருபது வருடத்தில் அவரிடம் யாரும் எதையும் செய்யச் சொன்னதில்லை. சொன்னால் என்ன செய்வது என்பதற்குச் சுற்றறிக்கை இல்லை.

அம்மையார் தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து கேட்டார்.  வெரிட்சா ஷிகாவின் கையிலிருந்து முக்காட்டுத் துணியை வாங்கினாள் — இல்லை, அது அவள் கையிலேயேதான் இருந்தது, பூங்கொத்தைத்தான் வாங்கினாள். அந்த நேரத்தில் நான் பார்த்தது எதுவும் சரியாக நினைவில்லை. துணியை உதறித் தலையில் போட்டாள். மாப்பிள்ளையின் தாடையில் இருந்த சிவப்புத் தடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தாள்.

"சம்மதம்," என்றாள். "இவன் திருப்பினானே, அதுக்காக."

டிரம்பெட் கோஷ்டி மட்டும் அந்தச் சமயம் ஊதவில்லை. உள்ளே வராமல் முற்றத்திலேயே நின்றுவிட்ட குழு உறுப்பினர்கள் மூன்று பேர், சுட்ட ஆட்டுக்குட்டியை வெட்ட அவர்களைப் பிடித்து வைத்திருந்தார்கள்.